தண்டுக் கூன்வண்டும் நாம் குறிக்க வேண்டிய நாளும்

பருத்தி விதைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழிந்த வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் வாடி நிற்பதைத் திண்டுக்கல் சமவெளியில் காணாத விவசாயி இரார். பக்கத்துச் செடி பசுமையாய் இருக்க, இது மட்டும் தலை சாய்ந்து, இலை தொங்கிச் சருகாகிறது. தண்ணீர் போதவில்லை என்பார் ஒருவர். வேரழுகல் என்பார் மற்றொருவர். விதை சரியில்லை என்று விதை விற்றவரைக் குறை கூறுவாரும் உண்டு. பின்னர் கடைக்குப் போய், வாடலுக்கு என்று கொடுப்பதை வாங்கி வந்து இலையின் மேல் தெளிக்கிறோம். செடி பிழைப்பதில்லை, பணம் போனதுதான் மிச்சம்.

அந்தச் செடியைப் பிடுங்கி அதன் அடியைப் பார்க்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை நாம் செலவிடுவதில்லை என்பதே என் முதற்குறை. இரண்டாவது குறை அதனினும் பெரிது. அடியைப் பார்த்துப் பகையை அறிந்தவர்கூட, அதைத் தம் வயலுக்குள்ளேயே வென்றுவிடலாம் என்று எண்ணுகிறார். அது ஆகாத காரியம். ஊர் கூடி நாள் குறித்தால்தான் ஆகும். அதற்கு நமது சங்கத்தைவிடத் தகுந்த இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

பகையின் பெயர் தண்டுக் கூன்வண்டு. அறிவியலார் இது அடங்கும் பேரினத்தைப் பெம்பெருலஸ் என்றும், நம் பருத்தியில் வாழும் இனத்தைப் பெம்பெருலஸ் அபினிஸ் என்றும் வழங்குகின்றனர். பழைய விவசாய நூல்களிலும் அறிக்கைகளிலும் பெம்பெரஸ் அபினிஸ் என்ற பெயரைக் காணலாம், இரண்டும் ஒன்றே. தென்னிந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில், இது பருத்திக்குப் பழைய பகை. சிறுமலைப் பக்கத்து வாழை விவசாயிகள் தண்டுக் கூன்வண்டு என்றதும் வாழைத்தண்டைத் துளைக்கும் வண்டை நினைப்பார்கள். அது வேறு பேரினம், உருவில் மிகப் பெரியது, பருத்திக்கு வாராது. பெயர் ஒன்றாயிருப்பதால் மருந்தையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது.

கூன்வண்டு என்றால் என்ன? வீட்டில் பழைய அரிசியைப் புடைக்கும்போது முறத்தில் ஊர்ந்து செல்லும் கறுத்த சிறு வண்டை நினைவுகூர்க. அதன் முகம் யானைத் துதிக்கையைப்போல் முன்னே நீண்டிருக்கும். அந்த மூக்கின் நுனியில்தான் கடிக்கும் வாய் உள்ளது. மூக்கின் பக்கங்களில் முளைத்த இரண்டு உணர்கொம்புகளும் நம் முழங்கையைப்போல் நடுவே மடங்கியிருக்கும். நீண்ட மூக்கு, மடங்கிய கொம்பு, கூனிய முதுகு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் கூன்வண்டுக் குலமே. அரிசி வண்டும், தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டும், நாம் பேசும் பருத்தி வண்டும் ஒரே குலத்தின் வெவ்வேறு கிளைகள்.

நமது வண்டு மிகச் சிறியது. நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கும். நிறம் கறுப்புக் கலந்த சாம்பல் பழுப்பு. மண்ணின் மேல் கிடந்தால் மண் துணுக்கு என்றே தோன்றும். முதுகை மூடிய கெட்டிச் சிறகின்மேல் குறுக்கே வெளிறிய வெண்பட்டைகள் தென்படும். அவற்றைக் காண நல்ல கண்ணும் காலை வெளிச்சமும் வேண்டும். விரல் பட்டதும் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் விழுந்துவிடும். இத்தனை சிறிய, இத்தனை ஒளிந்து வாழும் பூச்சியை வயலில் தேடிப் பிடிப்பதில் பொழுது போக்க வேண்டாம் என்பேன். வண்டைக் காண்பதைவிட அது செய்த வேலையைக் காண்பது எளிது. பயனும் அதிலேயே உள்ளது.

பெண் வண்டு இளஞ்செடியின் அடித்தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, பட்டையைக் கடித்துச் சிறு குழி செய்து அதில் முட்டையிடும். சுமார் 10 நாளில் முட்டை பொரிந்து காலில்லாத, வளைந்த வெண்புழு வெளிவரும். அது மேலே ஏறாது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிருள்ள பகுதியைத் தின்றுகொண்டு தண்டைச் சுற்றிச் சுற்றிச் செல்லும். செடியின் சத்து ஏறியிறங்கும் வழி அதுவேயாதலால், புழு வளையத்தை முடித்துவிட்டால் இளஞ்செடி சாகும். சற்று முற்றிய செடியானால் சாகாமல் போராடும். தின்ற இடத்தைச் சுற்றிப் புதுச் சதை வளர்ந்து, முழங்கால் மூட்டு வீங்கினாற்போல் அடித்தண்டு புடைத்து நிற்கும். இந்தப் புடைப்பே நமது பகைவனின் கையொப்பம். புழுவாக ஒரு மாதத்துக்கு மேல், சில சமயம் இரண்டு மாதம் வரையில் அங்கேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகிப் பத்து நாளுக்குப்பின் வண்டாகி வெளியேறுகிறது. வீக்கத்தோடு பிழைத்த செடி காய் பிடித்துக் கனம் ஏறியபின், ஒரு காற்றடித்தால் அந்த இடத்திலேயே ஒடிந்து விழும். விவசாயிக்கு இது முன்னதைவிடக் கொடுமை. உரமும் நீரும் களைக்கூலியும் கொடுத்து வளர்த்தபின் அல்லவா விழுகிறது!

ஆகவே வாடிய செடியைக் கண்டால் கையால் பற்றி இழுக்கவும். இழுத்தவுடன் எதிர்ப்பின்றி வந்து, வேர்ப்பட்டை நாராய்ப் பிய்ந்து ஈரமாயிருந்தால் அது வேரழுகல். அது வயலில் திட்டுத் திட்டாகப் பரவும். வேர் நன்றாயிருந்து, தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடினால் அது வாடல் நோய். செடி வேரோடு வராமல் அடியில் ஒடிந்து வந்தாலோ, ஒடிந்த இடத்தில் புடைப்பும் அரித்த தூளும் புழு சென்ற வழியும் காணப்பட்டாலோ ஐயம் வேண்டாம். பேனாக்கத்தியால் மேலும் சீவினால் புழுவே கிடைக்கும். வீக்கம் அடியில் இல்லாமல் மேல்தண்டிலும் குருத்துக் கிளைகளிலும் இருந்தால் அது அல்சிடோடஸ் என்னும் வேறொரு பேரினத்துக் கூன்வண்டின் வேலை. இலை ஓரங்கள் கத்தரித்ததுபோல் பல் பல்லாய்த் தின்னப்பட்டிருந்தால் சாம்பல் கூன்வண்டு. பின்னிரண்டும் நமது வட்டாரத்தில் இருப்பவையே; எனினும் அவை செய்யும் நஷ்டம் நாம் பேசும் வண்டின் நஷ்டத்துக்கு ஈடாகாது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். பருத்திக் கூன்வண்டு என்று அயல்நாட்டுச் செய்திகளில் படிப்பது நமது வண்டன்று. 1892-ஐ ஒட்டி மெக்ஸிகோவிலிருந்து டெக்ஸாஸ் நாட்டுக்குள் புகுந்து, அமெரிக்கப் பருத்தி நிலம் முழுவதையும் கலக்கிய அந்தக் காய்க் கூன்வண்டு மொட்டையும் காயையும் துளைப்பது. அலபாமாவில் என்டர்பிரைஸ் என்னும் ஊரார், அவ்வண்டினால் பருத்தியை விட்டு நிலக்கடலைக்கு மாறிச் செழித்தோம் என்று 1919-ஆம் ஆண்டு அதற்கு நன்றி கூறி ஒரு நினைவுச் சின்னமே எழுப்பினார்கள். (நமது தண்டு வண்டுக்குச் சிலை வைக்கும் அளவுக்கு நம்மில் எவரும் செழித்ததாகத் தெரியவில்லை.) அந்தப் பூச்சி இந்தியாவில் இல்லை. ஆயினும் அமெரிக்கர்கள் அதை அடக்கிய முறை நமக்குப் பாடமாகும். பல்லாண்டுக் காலம் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தில் மருந்தடித்துப் பார்த்தும் அது ஓயவில்லை. 1978-இல் விர்ஜீனியா, வட கரோலினா எல்லையில் தொடங்கி, ஒரு பகுதியிலுள்ள விவசாயிகள் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே முறையைக் கையாளும் திட்டம் வந்த பிறகே மாகாணம் மாகாணமாக அது ஒழிந்தது. அறுவடைக்குப்பின் செடியை விட்டுவைக்காமல் அழிப்பது அந்த முறையில் ஓர் இன்றியமையாத அங்கம்.

அதே உண்மையை நமது மாகாணத்தில் அதற்கு வெகு காலம் முன்பே கண்டிருந்தனர் என்பதை நாம் மறந்துவிட்டோம். கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டுப் பருத்திகளை விளைத்துவந்த சென்னை மாகாணத்தில் 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்போடியாப் பருத்தி வந்தது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் 1904-ஆம் ஆண்டே. கம்போடியா நீண்ட இழை கொடுத்தது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாய் விளைந்தது. நல்ல விலை பெற்றது. அதன் பின்னே தண்டு வண்டின் தொல்லையும் வளர்ந்தது. செடியை ஆண்டு கடந்தும் நிலத்தில் நிறுத்தி மறுதாம்பு எடுக்கும் வழக்கம் பூச்சிக்கு ஓயாத விருந்தாயிற்று. 1919-ஆம் ஆண்டின் சென்னை விவசாயப் பூச்சி நோய்ச் சட்டத்தின் கீழ், கம்போடியாச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. கோயம்புத்தூரில் பூச்சியியலார் இவ்வண்டின் வாழ்வையும், அதன் புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். ஆராய்ச்சி எத்தனை நுட்பமாய்ப் போனாலும், செடி நிலத்தில் நிற்கும் காலத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய ஆணைக்கு ஈடான மருந்து கிடைத்துவிடவில்லை.

சட்டம் ஏன் நமக்கு மறந்துபோயிற்று? அதிகாரி வந்து பிடுங்கு என்றால் மனம் ஒப்புவதில்லை. அடுத்த வயல்காரர் பிடுங்காதபோது நாம் பிடுங்கிப் பயன் என்ன என்ற கேள்வியும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வரப்புக்கு அப்பால் பழைய செடி நின்றால், அதிலிருந்து வெளிவரும் வண்டு நம் புதுப் பயிருக்கு வருவதைத் தடுப்பார் யார்? அதனால்தான் இது தனியார் காரியமன்று, சங்கத்தின் காரியம் என்கிறேன்.

இப்பொழுது நிலைமை முன்னைவிடச் சிக்கலாகியிருக்கிறது. நம் வட்டாரத்தில் பருத்திக்கு இரண்டு பட்டங்கள் வழங்குகின்றன. ஆடி, ஆவணியில் விதைத்துத் தை, மாசி வரை எடுப்பது ஒன்று. மாசியில் விதைத்து ஆடியை ஒட்டி முடிப்பது மற்றொன்று. ஒரே ஊரில் சிலர் முன்னதையும் சிலர் பின்னதையும் விதைத்தால், வண்டுக்கு ஆண்டு முழுவதும் இளஞ்செடி கிடைத்துக்கொண்டே இருக்கும். இடையில் ஏதேனும் குறைந்தால் அதை வெண்டை ஈடு செய்கிறது. இந்த வண்டு வெண்டையிலும் புளிச்சையிலும், வரப்பில் முளைக்கும் துத்தி முதலிய அந்தக் குடும்பத்துக் களைகளிலும் வாழக்கூடியது. ஒட்டன்சத்திரம் சந்தையை நம்பி, பருத்தி எடுத்த நிலத்திலேயே வெண்டை போடும் அங்கத்தினர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பருத்திக்குப்பின் சோளமோ மக்காச்சோளமோ போட்டால் வண்டுக்கு அங்கே சோறில்லை.

இன்னொரு நம்பிக்கையையும் களைய வேண்டியிருக்கிறது. பி.டி. பருத்தி விதை வாங்கியிருக்கிறேன், எனக்குப் பூச்சிப் பயமில்லை என்று சொல்லும் நண்பர்கள் உள்ளனர். 2002-இல் அனுமதி பெற்ற அந்த விதையிலும், 2006-இல் வந்த இரண்டாம் வகையிலும் உள்ள நஞ்சு அந்துப்பூச்சிகளின் புழுக்களைக் கொல்வதற்கென்று அமைந்தது. காய்ப்புழு அந்துப்பூச்சியின் புழு. தண்டுப்புழு வண்டின் புழு. பார்வைக்கு இரண்டும் புழுவாயினும் குலம் வேறு, குடல் வேறு. விதைக்குக் கொடுத்த விலை இந்த வண்டை ஒன்றும் செய்யாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் முதல் வகை நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது என்று குஜராத்திலிருந்து 2010-இல் செய்தி வந்ததை அறிவோம். அந்தக் காய்ப்புழுவும் பறிக்காமல் விட்ட காய்களில் தங்கித்தான் அடுத்த பருவத்துக்குத் தாவுகிறது. எனவே ஒரு நாள் வைத்துச் செடிகளைப் பிடுங்கினால் இரண்டு பகைகளுக்கும் வழி அடைபடும்.

நெசவாளர்களான அங்கத்தினர்கள், இது கொல்லைக்காரர் விவகாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உண்மையைச் சொன்னால், நமது ஆலைகள் உண்ணும் பஞ்சில் சிறு பங்கையே தமிழ்நாட்டு வயல்கள் தருகின்றன. வேடசந்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு வரும் பேல்களில் பெரும்பாலானவை வட மாநிலங்களிலிருந்து வருபவை. ஆயினும் வாடிய செடி தன் காயை முதிரவிடாமலே வெடிக்கிறது. முதிராத இழை நூலில் சிறு சிறு முடிச்சாகத் திரளும். சாயத்தையும் உரியபடி ஏற்காது. சின்னாளபட்டியில் சாயம் தோய்ப்பவர்கள் ஒரே தொட்டியில் முக்கிய நூலில் வெளிறிய புள்ளிகளைக் கண்டு சாயத்தைக் குறை கூறுவதுண்டு. எல்லாச் சமயமும் குறை சாயத்தில் இல்லை. முதிரா இழைக்கு இந்த வண்டு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. செடியின் அடியில் நடப்பது தறியின் முன்னும் தெரியும் என்பதே என் கருத்து.

இனிச் செய்யத்தக்கவை. மருந்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எந்த மருந்துக்கு அனுமதி, எதற்குத் தடை என்பது மாறிக்கொண்டே இருப்பதால் வேளாண்மை அலுவலரைக் கேட்டு நடப்பதே நலம். ஒன்று மட்டும் நிச்சயம்: புழு தண்டுக்குள் இருக்கும்போது இலையில் தெளிப்பது வீண். ஊற்றுவதாயின் அடித்தண்டில், விதை முளைத்த 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் ஊற்றி, உடனே மண் அணைக்க வேண்டும். மண் அணைப்பு முட்டையிடும் இடத்தை மூடுவதோடு, புடைத்த செடி ஒடியாமலும் தாங்குகிறது. ஏக்கருக்கு 10 டன் தொழு உரமும் 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் அடியுரமாக இடுதல் நல்ல பழக்கம். குத்துக்கு இரண்டு செடியாக விட்டு வைத்து, பகை தாக்கியதைக் கண்டபின் பொறுக்கிக் கலைப்பது எம் மூத்தவர்கள் கையாண்ட வழி. அவசரப்பட்டு முன்பே கலைத்தவர் பின்னால் வெற்றிடம் பார்த்து வருந்தினர். கலைத்த செடியை வரப்பில் எறியாமல் எரிக்க வேண்டும்.

இவை யாவும் ஒருவர் தம் வயலில் செய்யக்கூடியவை. சங்கம் செய்ய வேண்டியது வேறு. ஆவணி விதைப்புக்கு முன் கூடும் பொதுக்குழுவில் ஒவ்வொரு கிராமத்து அங்கத்தினரும் தமக்குள் பேசி, இரண்டு பட்டங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தேர்ந்த பட்டம் முடிந்ததும் பிடுங்கி முடிக்கும் நாளைத் தீர்மானமாக எழுதி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்நாளுக்குப்பின் ஊர் எல்லையில் ஒரு பருத்திச் செடியும் நிற்கலாகாது.

இதற்கு மூன்று தடைகள் சொல்லப்படும். மறுதாம்பில் இன்னும் இரண்டு எடுப்பு கிடைக்குமே என்பது முதலாவது. கிடைக்கும், அதன் பஞ்சு எந்தத் தரத்தில் கிடைக்கிறது, அடுத்த பயிரில் எத்தனை செடி சாகிறது என்று ஒரே கணக்கில் எழுதிப் பார்த்தவர் மீண்டும் இப்படிச் சொல்லமாட்டார்.

இரண்டாவது, கூலி. இது மெய்யான தடை. கூலி கொடுக்க இயலாததால்தான் பலர் அரிவாளால் வெட்டிவிடுகிறார்கள். ஆனால் மேலே வெட்டினால் வீங்கிய அடி மண்ணோடு தங்கிவிடும்; பகைவனைப் படுக்கையோடு பத்திரமாக விட்டுவிட்டுப் போர்வையை மட்டும் எடுத்துச் செல்வதற்கு ஒப்பாகும் அது. வேரோடு பிடுங்கினால்தான் பலன் உண்டு. நெம்புகோல் முறையில் செடியைப் பிடுங்கும் இரும்புக் கருவிகள் சிலவற்றைச் சங்கமே செய்வித்து முறை வைத்து அங்கத்தினர்களுக்கு வழங்கினால், ஈரமிருக்கும் நாளில் குடும்பத்தாரே பெரும்பகுதியை முடித்துவிடலாம். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குக் கொடுக்கும் இயந்திரங்களை ஊர் முழுவதற்கும் ஒரே வாரத்தில் கேட்டுப் பெறுவதும் தனி ஒருவர் கேட்பதைவிட எளிது.

மூன்றாவது, விறகு. பருத்திமார் நம் வீடுகளில் பல தலைமுறையாக எரிந்த விறகு. இன்று சமையல் வாயு வந்தபின்னும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் அது கொல்லையில் அடுக்கிக் கிடக்கிறது. அந்த அடுக்கிலிருந்தே வண்டு வெளிவந்து அடுத்த விதைப்பைத் தேடிப் போகிறது. மார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடுங்கிய செடியின் வேரோடு சேர்ந்த ஒரு சாண் அடித்தண்டைத் தறித்து அன்றே எரித்துவிட்டு, மேல்பகுதியை வைத்துக்கொள்ளலாம்; வண்டு இருப்பது அந்தச் சாணுக்குள்தான். மேல்கிளையில் வெடிக்காத காய்கள் இருந்தால் அவற்றில் காய்ப்புழு இருக்கும். பிடுங்குமுன் ஓரிரு நாள் ஆட்டுக்கிடை விட்டால் ஆடுகளே அவற்றைத் தின்று தீர்க்கும். நிலத்துக்கு எருவும் சேரும்.

இதைத் தவிரச் செலவில்லாத சிறு யோசனை ஒன்றும் உண்டு. புடைத்த அடித்தண்டு ஒன்றை நெடுக்காகப் பிளந்து, புழுவும் அதன் வழியும் தெரியும்படி ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டுச் சங்க அலுவலகத்தின் பணம் கட்டும் மேஜைமேல் வைக்கலாம். பக்கத்தில் வேரழுகிய செடி ஒன்றும், வாடல் நோய்த் தண்டு ஒன்றும் இருக்கட்டும். கடன் தவணை கட்ட வருகிறவர் தம் முறை வரும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மறுநாள் காலையில் தம் வயலில் வாடிய செடியைப் பிடுங்கியும் பார்ப்பார்.